குழந்தைக்கு உணவு ஒவ்வாமையா, செரிக்காமையா? பரிசோதனைத் தாளுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள்

டர்பனின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், மெரிபேங்க் பகுதிகளில் உடல் அரிப்புக்கோ அடிக்கடி வரும் வயிற்றுவலிக்கோ குழந்தையைத் தனியார் மருத்துவரிடம் காட்டிய பெற்றோர் சிலரது கைக்கு ஓர் ஆய்வகத் தாள் வந்து சேருகிறது. பால், முட்டை வெள்ளை, கோதுமை, சோயா, வேர்க்கடலை, மீன், இறால் என்று உணவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண்ணும், ‘பாசிட்டிவ்’ அல்லது ‘நெகட்டிவ்’ என்ற குறிப்பும் இருக்கும். நேற்றுவரை இறால் குழம்பை விரும்பிச் சாப்பிட்ட பிள்ளைக்கு இறால் பாசிட்டிவ் என்று தாள் சொல்கிறது. தயிர்ச்சாதம் சாப்பிட்டால் வயிறு உப்பும் பிள்ளைக்குப் பால் நெகட்டிவ் என்கிறது. தாளை நம்புவதா, கண்ணால் கண்டதை நம்புவதா என்ற குழப்பத்தில், பாசிட்டிவ் என்று அச்சான அனைத்தையும் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்துவிடுவதே பாதுகாப்பு என்று பல வீடுகளில் முடிவெடுத்துவிடுகிறார்கள்.

அந்த முடிவு பெரும்பாலும் தவறாகவும், சில சமயம் ஆபத்தாகவும் அமைகிறது. எந்த உணவு, எவ்வளவு அளவில், எத்தனை நிமிடத்தில், எத்தனை முறை தொந்தரவு கொடுத்தது என்ற விவரம் முதலில் வேண்டும். அந்த விவரம் எழுப்பும் சந்தேகத்தை உறுதிசெய்யவோ விலக்கவோ மட்டுமே பரிசோதனை உதவும். சந்தேகமே இல்லாத உணவுக்குச் செய்யப்படும் பரிசோதனை தெளிவைவிடக் குழப்பத்தையே அதிகம் தரும். ஏன் அப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்பதற்குள் இருக்கும் நான்கு நிலைகள்

வீட்டில் எல்லாவற்றையும் அலர்ஜி என்றே சொல்லிவிடுகிறோம். மருத்துவத்தில் இவை வெவ்வேறு வழிகளில் உண்டாகி, வெவ்வேறு வழிகளில் கண்டறியப்பட்டு, வெவ்வேறு அளவு எச்சரிக்கையைக் கோருபவை.

1. உடனடி ஒவ்வாமை. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் ஓர் உணவுப் புரதத்தைப் பகையாகக் கருதி, அதற்கென்றே ஐ.ஜி.ஈ. எனப்படும் எதிர்ப்புரதத்தை உண்டாக்கி வைத்திருக்கும். அந்த உணவு மீண்டும் உள்ளே போனவுடன், தோலிலும் குடலிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டுகின்றன. தடிப்பு, உதடு அல்லது கண்ணிமை வீக்கம், வாந்தி, இருமல், மூச்சிரைப்பு ஆகியவை பெரும்பாலும் சில நிமிடங்களிலும், மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரத்துக்குள்ளும் தோன்றிவிடும். மிகச் சிறிய அளவே இதற்குப் போதும். உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய வகை இதுதான்.

2. தாமத ஒவ்வாமை. இதிலும் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் ஐ.ஜி.ஈ. சம்பந்தப்படுவதில்லை. கைக்குழந்தையின் மலத்தில் இழையிழையாக ரத்தம் தெரிவது ஒரு வடிவம். உணவு கொடுத்து ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் பிள்ளை மீண்டும் மீண்டும் வாந்தியெடுத்து, வெளிறி, துவண்டுபோவது மற்றொரு வடிவம். இந்த இரண்டாவது வடிவத்துக்குப் பால், சோயா, ஓட்ஸ் ஆகியவற்றோடு அரிசியும் காரணமாகலாம். குழந்தைக்கு முதலில் ஊட்டும் கஞ்சியே அரிசிக் கஞ்சிதான் என்பதால், நம் வீடுகளில் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. வயிற்றுக் கிருமி என்று சொல்லிச் சிகிச்சை தொடர்கிறது. ஐ.ஜி.ஈ. இல்லாததால் ரத்தப் பரிசோதனையும் ஒன்றும் காட்டாது.

3. சகிப்பின்மை. இதில் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு வேலையே இல்லை. உணவில் உள்ள ஏதோ ஒன்றைச் செரிக்கவோ உறிஞ்சவோ குடலால் முடியவில்லை. பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி குறைந்திருப்பது இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. வயிறு உப்பும், வலிக்கும், பேதியாகும். உயிருக்கு ஆபத்து இல்லை. கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, அதிகமானால் தொந்தரவு என்பது இதன் அடையாளம்.

4. கோலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை தானியம் ஆகியவற்றில் உள்ள குளூட்டன் காரணமாக உடல் தன் சிறுகுடலையே தாக்கும் நிலை இது. எடை ஏறாமை, நீடித்த பேதி, வயிறு உப்பல், ரத்தசோகை என்று மெதுவாக வெளிப்படும். இதைக் கண்டறிய வேறு ரத்தப் பரிசோதனை உண்டு. அதற்கான எச்சரிக்கை ஒன்று பின்னால் வருகிறது.

பரிசோதனைக்கு முன் எழுதி வைக்க வேண்டியவை

ஒவ்வாமை மருத்துவர் ஒருவர் முதல் சந்திப்பில் பெரும்பகுதி நேரத்தைக் கேள்வி கேட்பதிலேயே செலவிடுவார். “மீன் சாப்பிட்டான், அலர்ஜி வந்தது” என்ற பதிலை வைத்து அவரால் எதுவும் செய்ய இயலாது. அதே நிகழ்வை இப்படி எழுதி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்: “செவ்வாய் மாலை 5.40. டின் மீன் குழம்பு, சோறு, நான்கு வாய். 5.55க்கு முகமும் கழுத்தும் சிவந்து சூடாக இருந்தன. வாந்தி இல்லை, இருமல் இல்லை. 7 மணிக்குத் தானாகவே அடங்கியது. அதே குழம்பைச் சாப்பிட்ட அக்காவுக்கும் முகம் சிவந்தது. போன வாரம் வேறு டின்னில் சமைத்தபோது இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.” இந்தக் குறிப்பைப் படிக்கும் மருத்துவர் மீன் ஒவ்வாமையை முதலில் நினைக்கமாட்டார்; ஏன் என்பதைச் சற்றுப் பின்னால் விளக்கியிருக்கிறேன்.

குறிப்பு எழுதும்போது ஆறு கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும்.

1. சாப்பிட்டதற்கும் முதல் அறிகுறிக்கும் இடையே எவ்வளவு நேரம்? நிமிடக் கணக்கா, மணிக் கணக்கா, மறுநாளா என்பதைக் கொண்டே மேலே சொன்ன நிலைகளில் எது என்ற சந்தேகம் குறுகத் தொடங்கும்.

2. எவ்வளவு சாப்பிட்டது? நக்கிப் பார்த்ததற்கே தடிப்பு வந்தால் ஒரு பொருள். ஒரு டம்ளர் குடித்த பிறகு வயிறு வலித்தால் வேறு பொருள்.

3. ஒவ்வொரு முறையும் வருகிறதா? உடனடி ஒவ்வாமை உள்ள குழந்தை அதே உணவை அதே வடிவில் வாரம் இருமுறை தொந்தரவின்றிச் சாப்பிடுவது அரிது. ஒருமுறை மட்டும் வந்து, பிறகு பலமுறை சாப்பிட்டும் வரவில்லையென்றால் சந்தேகம் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

4. எந்த வடிவில் சமைத்தது? முட்டை ஒவ்வாமை உள்ள பல குழந்தைகளுக்கு, அடுப்பில் நெடுநேரம் வெந்த கேக்கில் உள்ள முட்டை தொந்தரவு தராது. அரைவேக்காட்டு முட்டை தரும். “கேக் சாப்பிடுகிறாள், அதனால் முட்டை ஒவ்வாமை இருக்க முடியாது” என்ற வாதம் இதனால்தான் நிற்பதில்லை.

5. அன்று வேறு என்ன இருந்தது? காய்ச்சல், ஓடியாடிய விளையாட்டு, ஐபுபுரொஃபென் போன்ற வலிமருந்து ஆகியவை சிலருக்கு எதிர்வினையைத் தூண்டவோ கூட்டவோ செய்யும்.

6. உடலின் எந்தெந்தப் பகுதிகளில் தெரிந்தது? தோலில் மட்டுமா, வயிற்றிலுமா, மூச்சிலுமா?

தடிப்பு மறைவதற்குள் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதும், பொட்டல உறையைத் தூக்கியெறியாமல் வைப்பதும் எந்த விலையுயர்ந்த பரிசோதனைக்கும் குறையாத உதவி. எடையைப் பொறுத்தவரை, தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொரு குழந்தைக்கும் தரப்படும் ‘ரோட் டு ஹெல்த்’ புத்தகத்தின் வளர்ச்சிக் கோடே முதல் சான்று. கோடு தன் பாதையில் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால் நிதானமாக ஆராய நேரம் இருக்கிறது. கோடு கீழே இறங்கினால் உணவுச் சந்தேகத்தை வீட்டில் வைத்து ஆராய்ந்துகொண்டிருக்காமல் குழந்தை மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.

பாலில் இரண்டு வேறு சிக்கல்கள்

பெற்றோர் அதிகமாகத் தடுமாறும் இடம் இது. பாலில் உள்ள புரதத்துக்கு ஒவ்வாமை ஏற்படுவது ஒன்று. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்க இயலாமை இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்திலேயே வெளிப்படும். இரண்டாவது, பரம்பரையாக வரும் வகையாக இருந்தால், பொதுவாகப் பள்ளி வயதிலோ அதற்குப் பின்னரோதான் தெரியவரும். பால்குடி மறந்த பிறகு லாக்டேஸ் நொதி படிப்படியாகக் குறைவது உலக மக்களில் பெரும்பான்மையோருக்கு இயல்பு. தென்னிந்திய வம்சாவளியினரும் ஆப்பிரிக்க மக்கள் பலரும் அந்தப் பெரும்பான்மையில் அடக்கம். அதை நோய் என்று சொல்வதுகூட அவ்வளவு பொருத்தமில்லை.

ஆறு மாதக் குழந்தைக்கு லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று யாராவது சொன்னால், அண்மையில் கடும் வயிற்றுப்போக்கு இருந்ததா என்று கேட்க வேண்டும். குடலின் உட்பரப்பு அடிபடும்போது நொதியும் தற்காலிகமாகக் குறையும். சில வாரங்களில் தானாகவே மீளும். தாய்ப்பாலிலும் லாக்டோஸ் நிறைய உண்டு என்பதால், இந்தக் காரணத்துக்காகத் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

இந்த வேறுபாடு தெரியாததால் கடையில் நடக்கும் தவறுகள் பல.

- லாக்டோஸ் நீக்கிய பாலில் பால் புரதம் முழுமையாக இருக்கிறது. புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது சாதாரணப் பாலைப் போலவே ஆபத்து.
- ஆட்டுப்பாலின் புரதம் பசும்பால் புரதத்தை மிகவும் ஒத்தது. பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அதுவும் ஆகாது.
- தயிரும், மாஸ் எனப்படும் தென்னாப்பிரிக்கப் புளித்த பாலும் புளித்தவை என்பதால் லாக்டோஸ் குறைந்திருக்கும். சகிப்பின்மை உள்ளவர்களில் பலர் அவற்றைத் தாங்கிக்கொள்வார்கள். புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அவையும் பால்தான்.
- நெய்யில் லாக்டோஸ் ஏறக்குறைய இல்லை. புரதம் சிறிதளவு தங்கியிருக்கலாம்.
- தேங்காய்ப்பாலும் பாதாம் பாலும் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலின் இடத்தையோ பால்மாவின் இடத்தையோ ஒருபோதும் பிடிக்க முடியாது. புரத ஒவ்வாமை உறுதியானால், புரதம் நுண்ணிதாக உடைக்கப்பட்ட சிறப்புப் பால்மாவை மருத்துவர் பரிந்துரைப்பார்.

சகிப்பின்மை உள்ள பெரிய பிள்ளைகள் பாலை முற்றாக விட வேண்டியதில்லை. ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ 12 கிராம் லாக்டோஸ் இருக்கிறது; சகிப்பின்மை உள்ளவர்களில் பெரும்பாலோர் அந்த அளவை, குறிப்பாக உணவோடு சேர்த்து எடுத்தால், சமாளிக்கிறார்கள்.

பரிசோதனை எதை அளக்கிறது?

நடைமுறையில் இரண்டு பரிசோதனைகள் உள்ளன. தோலில் உணவுச் சாற்றுத் துளியை வைத்து மெல்லக் குத்தி, 15 நிமிடம் கழித்து எழும் தடிப்பை அளப்பது ஒன்று. 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் பாசிட்டிவ் என்பது வழக்கம். ரத்தத்தில் குறிப்பிட்ட உணவுக்கான ஐ.ஜி.ஈ. அளவைப் பார்ப்பது மற்றொன்று, 0.35 அலகுக்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் என்று அச்சிடும் வழக்கம் நீண்டகாலமாக இருந்து வருகிறது.

இரண்டும் அளப்பது ஒன்றையே: உடல் அந்த உணவுக்கு எதிராக ஐ.ஜி.ஈ. உண்டாக்கியிருக்கிறதா என்பதை. ஐ.ஜி.ஈ. இருந்தும் அந்த உணவை எந்தத் தொந்தரவுமின்றிச் சாப்பிடும் குழந்தைகள் ஏராளம். எண் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அந்த அளவுக்கு ஒவ்வாமை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் வரப்போகும் எதிர்வினை எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை அந்த எண் சொல்வதில்லை.

கேப் டவுனில் ஒன்று முதல் மூன்று வயதுவரையிலான குழந்தைகளிடம், சந்தேகப்பட்ட உணவை மருத்துவக் கண்காணிப்பில் கொடுத்துப் பார்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. உண்மையான உடனடி உணவு ஒவ்வாமை இருந்தவர்கள் 2.5 சதவீதம், கிழக்கு கேப் மாகாணத்தின் கிராமப்புறத்தில் 0.5 சதவீதம். முட்டையும் வேர்க்கடலையுமே முன்னணியில் இருந்தன. தோல் பரிசோதனையில் மட்டும் பாசிட்டிவ் வந்த குழந்தைகளின் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு.

டர்பனுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கடலோர ஈரப்பதத்தில் வீட்டுத் தூசிப் பூச்சிகள் செழித்து வளர்கின்றன. ஆஸ்துமாவும் மூக்கடைப்பும் உள்ள குழந்தைகளில் பலருக்கு அப்பூச்சிகளுக்கு எதிரான ஐ.ஜி.ஈ. இருக்கும். தூசிப் பூச்சியின் உடலிலும் இறால், நண்டு ஆகியவற்றின் தசையிலும் டிரோபோமயோசின் என்ற புரதம் ஏறத்தாழ ஒரே அமைப்பில் உள்ளது. ஆகவே தூசிக்கு எதிராக உருவான ஐ.ஜி.ஈ. பரிசோதனையில் இறாலையும் பற்றிக்கொள்கிறது. இறால் குழம்பை விரும்பிச் சாப்பிட்ட பிள்ளைக்கு வந்த பாசிட்டிவ் குறிப்புக்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம். சாப்பிட்டுத் தொந்தரவு இல்லையென்றால் அந்தத் தாளுக்காக இறாலை நிறுத்த வேண்டியதில்லை.

இதே குழப்பம் பருப்பிலும் வரும். வேர்க்கடலைக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைக்குக் கொண்டைக்கடலை, துவரை, பீன்ஸ் ஆகியவற்றுக்கும் பரிசோதனை பாசிட்டிவ் காட்டலாம். ஆனால் அவற்றைச் சாப்பிடும்போது உண்மையில் எதிர்வினை வருபவர்கள் சிலரே. மரக்கறி மட்டும் உண்ணும் வீட்டில் தாளைப் பார்த்துப் பருப்பையெல்லாம் நிறுத்தினால் குழந்தைக்குப் புரதம் எங்கிருந்து வரும்? பருப்புக்கே தனியாக ஒவ்வாமை உள்ள குழந்தைகளும் உண்டு என்பதால், சாப்பிட்டபோது என்ன நடந்தது என்ற கேள்விக்கே மீண்டும் திரும்ப வேண்டியிருக்கிறது.

பல உணவுகளை ஒரே தாளில் சோதிப்பதன் விளைவைக் கணக்காகவும் காட்டலாம். ஒவ்வாமையே இல்லாத ஒரு குழந்தைக்கு ஒவ்வோர் உணவிலும் தவறாகப் பாசிட்டிவ் வரும் வாய்ப்பு வெறும் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 20 உணவுகளைச் சோதித்தால் குறைந்தது ஒன்றாவது தவறாகப் பாசிட்டிவ் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 64 சதவீதம். விரிந்த பட்டியல் கேட்கும் பெற்றோர் தாங்களே குழப்பத்தை விலைகொடுத்து வாங்குகிறார்கள்.

உணவுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. எதிர்ப்புரதத்தை அளந்து, நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறம் தரும் பரிசோதனைகளைப் பற்றித் தயக்கமின்றிச் சொல்லலாம்: அவற்றுக்குப் பணம் செலவிட வேண்டாம். ஐ.ஜி.ஜி. என்பது அந்த உணவை உடல் சந்தித்துப் பழகியிருக்கிறது என்பதற்கான அடையாளம். உணவு ஒவ்வாமையையோ சகிப்பின்மையையோ கண்டறிய இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008இலேயே தெளிவாக அறிவித்தது. முடியைச் சோதிப்பது, தசை வலிமையைப் பார்ப்பது போன்ற முறைகளுக்கு அந்த அளவு விளக்கமும் தேவையில்லை.

ஒவ்வாமை போலத் தோன்றுபவை

மேலே சொன்ன டின் மீன் குழம்புக்கு வருவோம். பில்சர்ட், கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்கள் பிடிபட்ட பிறகு போதிய குளிரில் வைக்கப்படாவிட்டால், பாக்டீரியாக்கள் மீனின் சதையிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். சமைத்தாலும், டின்னில் அடைக்கும்போது கொதிக்க வைத்தாலும் அது அழிவதில்லை. சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பும் வரும். பார்க்க ஒவ்வாமை போலவே இருக்கும். ஒரே பாத்திரத்தில் சாப்பிட்ட இருவருக்கு வந்ததும், வேறு டின்னில் வராததும் இதற்கான தடயங்கள். அந்தக் குழந்தை வாழ்நாள் முழுவதும் மீனைத் தவிர்க்க வேண்டிய அவசியம் இல்லை.

உடல் முழுவதும் திடீரென்று தடிப்பு எழுந்து, ஓரிடத்தில் மறைந்து மற்றோரிடத்தில் தோன்றி நாள்கணக்கில் நீடித்தால், சிறு குழந்தைகளில் அதற்கு மிகப் பொதுவான காரணம் வைரஸ் தொற்று. அன்று காலை சாப்பிட்டதன்மீது பழி போடுவது எளிது. ஆனால் உணவினால் வரும் தடிப்பு பொதுவாகச் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். தக்காளிச் சட்னியோ எலுமிச்சையோ பட்ட வாயோரத்தில் மட்டும் வரும் சிவப்பு பெரும்பாலும் புளிப்பின் எரிச்சல். மாம்பழப் பருவத்தில் உதட்டோரம் கொப்புளிப்பது பழத்தோலில் உள்ள பிசினின் வேலையாக இருக்கலாம். தோலைச் சீவிவிட்டுத் துண்டுகளாகக் கொடுத்தால் பல குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. நன்றாக வளரும் இரண்டு வயதுக் குழந்தைக்கு நாள்பட்ட பேதி இருந்தால், பாலைச் சந்தேகிக்கும் முன்னர் நாளொன்றுக்கு எத்தனை டம்ளர் ஆப்பிள் ஜூஸ் குடிக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும்.

கரப்பானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் வறண்டு அரிக்கும் இந்த நோய் வந்தவுடன் கத்தரிக்காய், முட்டை, கருவாடு என்று ‘கரப்பான் பண்டங்களை’ நிறுத்தச் சொல்வது ஆயாக்களின் வழக்கம். கரப்பானும் உணவு ஒவ்வாமையும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து காணப்படுவது உண்மைதான். ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கரப்பானை உண்டாக்குவது உணவு அல்ல. தோலின் தடுப்புச் சுவர் வலுவிழந்திருப்பதே அடிப்படை. களிம்பும் ஈரப்பதம் காக்கும் பராமரிப்புமே முதல் சிகிச்சை. அதைவிட முக்கியமானது, ஐ.ஜி.ஈ. உள்ள குழந்தை தொந்தரவின்றிச் சாப்பிட்டுவந்த முட்டையைப் பல மாதங்கள் நிறுத்திவிட்டு மீண்டும் கொடுக்கும்போது, முன்பு இல்லாத உடனடி ஒவ்வாமை வெளிப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. தேவையற்ற தவிர்ப்பு சும்மா இருப்பதில்லை. சிலருக்கு அதுவே ஒவ்வாமைக்கு வழிவிடுகிறது.

வேர்க்கடலையில் இது பெரிய அளவில் நிரூபணமாயிற்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2000இல், ஒவ்வாமை வரும் வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை கொடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்தி, 2008இல் அதைக் கைவிட்டது. லண்டனில் கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்து ஐந்து வயதுவரை கவனித்த ஆய்வு 2015இல் வெளியானது. வேர்க்கடலையைத் தவிர்த்த பிரிவில் 17.2 சதவீதத்தினருக்கும், நான்கு முதல் பதினொரு மாதத்துக்குள் தொடங்கித் தொடர்ந்து சாப்பிட்ட பிரிவில் 3.2 சதவீதத்தினருக்கும் வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தது. கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. கொடுக்கும்போது கட்டியில்லாத பீநட் பட்டரைத் தண்ணீரிலோ கஞ்சியிலோ கரைத்துக் கொடுக்க வேண்டும். முழுக் கடலை சிறு குழந்தையின் தொண்டையை அடைத்துவிடும்.

பத்தியம்: எடுப்பதோடு முடிவதில்லை

தாமத ஒவ்வாமையிலும் சகிப்பின்மையிலும் பரிசோதனைத் தாள் உதவாது. அங்கே, சந்தேகப்படும் உணவை எடுத்துவிட்டுப் பிறகு திரும்பக் கொடுத்துப் பார்ப்பதே வழி. பத்தியம் நமக்குப் பழக்கமானது. ஆனால் நம் பத்தியங்களில் பெரும்பாலும் முதல் பாதி மட்டுமே நடக்கிறது.

1. ஒரு நேரத்தில் ஒரே உணவை எடுக்க வேண்டும். பால், கோதுமை, முட்டை மூன்றையும் ஒன்றாக நிறுத்திப் பிள்ளை தேறினால், எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

2. இரண்டு முதல் நான்கு வாரம் போதும். அதற்குள் மாற்றம் இல்லையென்றால் அந்த உணவு காரணமில்லை, திரும்பக் கொடுத்துவிடலாம்.

3. மாற்றம் தெரிந்தாலும் திரும்பக் கொடுத்தே ஆக வேண்டும். தொந்தரவு மீண்டும் வந்தால்தான் சந்தேகம் உறுதியாகிறது. குழந்தைகளின் வயிற்றுத் தொந்தரவுகளில் பல தாமாகவே தீர்ந்துவிடுபவை.

4. நிமிடங்களில் தடிப்போ வீக்கமோ மூச்சிரைப்போ வந்த உணவையும், கடும் வாந்தியோடு பிள்ளை துவண்டுபோன உணவையும் வீட்டில் திரும்பக் கொடுத்துப் பார்க்கவே கூடாது. அது மருத்துவமனையில் நடக்க வேண்டியது.

5. கோலியாக் சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் பரிசோதனை நெகட்டிவ் ஆகிவிடலாம். மறுபடி பல வாரங்கள் ரொட்டி ஊட்டிவிட்டுச் சோதிக்க நேரும்.

மருத்துவமனையில் கொடுத்துப் பார்க்கும் முறையில், சந்தேகப்படும் உணவை மிகச் சிறிய அளவில் தொடங்கி, 15 முதல் 30 நிமிட இடைவெளியில் படிப்படியாகக் கூட்டி, அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு கவனிப்பார்கள். இதுவே இறுதித் தீர்ப்பு. தென்னாப்பிரிக்காவில் இதைச் செய்யும் ஒவ்வாமை நிபுணர்கள் குறைவு. கேப் டவுனின் ரெட் கிராஸ் போர் நினைவுக் குழந்தைகள் மருத்துவமனையில் இதற்கென்று சிகிச்சைப் பிரிவு உண்டு. அரசு வழியில் செல்வோர் உள்ளூர்க் கிளினிக்கிலிருந்து மாவட்ட மருத்துவமனை, அங்கிருந்து மேல்நிலை மருத்துவமனை என்று பரிந்துரைக் கடிதத்தோடுதான் போக முடியும். அந்தக் காத்திருப்பில் மேலே சொன்ன குறிப்பேட்டின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

லேபிளும் லேபிள் இல்லாத தட்டும்

2010இல் வெளியாகி 2012 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த தென்னாப்பிரிக்காவின் ஆர்146 உணவு லேபிள் விதிமுறை, பொட்டல உணவுகளில் முட்டை, பால், மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, கொட்டை வகை, சோயா, கோதுமை முதலிய முக்கியத் தானியங்கள் இருந்தால் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது. எள்ளும் கடுகும் கொண்டைக்கடலையும் இந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. நம் சமையலில் இம்மூன்றும் எங்கெல்லாம் இருக்கின்றன என்று சொல்லத் தேவையில்லை. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம். குளூட்டனைத் தவிர்க்க வேண்டிய குழந்தைக்கு ரசமே சிக்கலாகலாம். கடை ரொட்டிகளிலும் வியன்னா, பொலோனி போன்ற இறைச்சி வகைகளிலும் சோயா சேர்ந்திருப்பது உண்டு. அதை உறையைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

உறையே இல்லாத உணவு அதைவிடக் கடினம். தீபாவளிக்கு அண்டை வீடுகளிலிருந்து வரும் தட்டில் உள்ள பர்ஃபி பால்பவுடரும் கிரீமும் பாதாமும் சேர்ந்தது. முறுக்கில் எள் இருக்கலாம். அருகருகே அடுக்கியிருப்பதால் ஒன்றன் தூள் மற்றொன்றில் ஒட்டும். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் ஊற்றும் கூழில் சில இடங்களில் தயிரோ மாஸோ சேர்ப்பார்கள். பிரசாதத்தை மறுப்பது மரியாதைக் குறைவு என்று பெரியவர்கள் வருந்தலாம். ஒவ்வாமை உறுதியான குழந்தையின் பெற்றோர் கூழ் ஊற்றுபவரிடம் நேரே கேட்டுவிடுவதே சரி. கேட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை என்பதைப் பலரும் கேட்ட பிறகுதான் அறிகிறார்கள்.

எப்போது நொடியும் தாமதிக்கக் கூடாது

சாப்பிட்ட சிறிது நேரத்தில் மூச்சிரைப்பு, விடாத இருமல், குரல் கம்மல், நாக்கு வீக்கம், திடீர்த் துவளல் அல்லது மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தாலும், தடிப்போடு திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலும், அதை அனஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமை, என்று கொண்டு செயல்பட வேண்டும். தோலில் ஒன்றும் தெரியாமலும் இது வரலாம்.

1. முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். அளவு எடைக்கு ஏற்றது: கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 15 கிலோ குழந்தைக்கு 0.15 மில்லிகிராம். மருத்துவர் ஏற்கெனவே எழுதிக்கொடுத்து, போடும் முறையைச் செய்துகாட்டியிருக்க வேண்டும்.

2. அரிப்புக்குக் கொடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் சிரப் மூச்சுத் திணறலையோ ரத்த அழுத்த வீழ்ச்சியையோ தடுக்காது. தூக்கம் வரவைக்கும் பழைய வகை சிரப், பிள்ளை துவள்வது நோயாலா மருந்தாலா என்று தெரியாமலும் செய்துவிடும்.

3. குழந்தையைப் படுக்க வைக்க வேண்டும். மூச்சு வாங்கினால் சாய்த்து உட்கார வைக்கலாம். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடக் கூடாது.

4. ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112. அறிகுறி அடங்கினாலும் மருத்துவமனைக்குப் போயே தீர வேண்டும்; சில மணி நேரம் கழித்து மீண்டும் வரக்கூடும்.

ஒருமுறை சொன்னது நிரந்தரமா?

பால், முட்டை, கோதுமை, சோயா ஆகியவற்றுக்கான ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளிப் பருவத்துக்குள்ளோ பதின்ம வயதுக்குள்ளோ நீங்கிவிடும். வேர்க்கடலை ஒவ்வாமை ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீங்கும். மீன், இறால் வகை ஒவ்வாமை பெரும்பாலும் தொடரும். இரண்டு வயதில் எழுதப்பட்ட ‘முட்டை கூடாது’ என்ற குறிப்பு எட்டு வயதிலும் பள்ளிக் கோப்பில் அப்படியே கிடந்தால், யாரும் மறுபடி சோதிக்கவில்லை என்பதைத் தவிர அது வேறெதையும் காட்டாது. சிறு குழந்தையானால் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டிப் பரிசோதனை எண் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கியிருந்தால், கேக்கில் வெந்த முட்டையிலிருந்து மருத்துவமனையில் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்க வேண்டியது பெற்றோர்தான். தோல் பரிசோதனைக்கு நாள் குறித்தால், எத்தனை நாள் முன்னதாக ஆன்டிஹிஸ்டமினை நிறுத்த வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அதைக் கேட்காமல் போய், பரிசோதனை செய்ய இயலாமல் திரும்பி வருவோர் உண்டு.